நகர்ப்புறக் குழந்தைகளில் உயிர்ச்சத்துக் குறைபாடு

நகர்ப்புறக் குழந்தைகளில் உயிர்ச்சத்துக் குறைபாடு என்பது நகரங்களிலும் பேரூர்களிலும் வாழும், ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகளின் உடலில் உயிர்ச்சத்துகள் (வைட்டமின்கள்) தேவையான அளவைவிடக் குறைந்திருக்கும் நிலையாகும். இந்தியாவில் இவ்வகவையினரிடம் உயிர்ச்சத்து ஏ, உயிர்ச்சத்து டி, உயிர்ச்சத்து பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய நான்கின் குறைபாடே மிகுதியாகக் காணப்படுகிறது. இவற்றுள் உயிர்ச்சத்து ஏ குறைபாடு கண்பார்வையைப் பறிப்பதுடன் குழந்தை இறப்புக்கும் காரணமாவதால் மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அந்த ஆய்வுகளில் சில தமிழ்நாட்டில் நடந்தவை.

பசியால் வாடும் குழந்தையை எளிதில் அடையாளம் காணலாம். உயிர்ச்சத்துக் குறைபாடு அவ்வாறு வெளிப்படையாகத் தெரிவதில்லை. வயிறு நிறைய உண்ணும் குழந்தைக்கும், ஏன், உடல் பருத்த குழந்தைக்கும்கூட இக்குறைபாடு இருக்கக்கூடும். இதனாலேயே இது "மறைந்த பசி" என்று அழைக்கப்படுகிறது.

நகர்ப்புறம் என்பதன் பொருள்

நகர்ப்புறம் என்றவுடன் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் போன்ற மாநகரங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி, நகராட்சி ஆகியவற்றுடன் பேரூராட்சிகளும் நகர்ப்புறமாகவே கணக்கிடப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்துள்ள மணலூர்பேட்டை ஒரு பேரூராட்சி என்பதால், அங்கு வாழும் குழந்தை கணக்கேட்டில் நகர்ப்புறக் குழந்தையே. அதே மாவட்டத்தின் மேற்கிலுள்ள கல்வராயன் மலைச் சிற்றூர்க் குழந்தை ஊரகக் குழந்தையாகும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினராகப் பதிவானதற்குப் பேரூராட்சிகளும் ஒரு காரணம்.

இவ்வகைப்பாடு ஆய்வு முடிவுகளைப் படிப்போர் கவனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று. மாநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதன் அருகிலுள்ள குடிசைப் பகுதி, நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் சூழ்ந்த ஒரு பேரூர் ஆகிய மூன்றும் "நகர்ப்புறம்" என்ற ஒரே கட்டத்தில் அடைக்கப்படும்போது, மூன்றுக்கும் பொருந்தாத ஒரு சராசரியே கிடைக்கிறது. கள்ளக்குறிச்சியைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. இம்மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டின் பழைய 32 மாவட்டங்களையே அடிப்படையாகக் கொண்டதால், அதில் கள்ளக்குறிச்சிக்குத் தனி எண்கள் இல்லை. அப்பகுதிக் குழந்தைகள் விழுப்புரத்தின் எண்களுக்குள் அடங்கிவிட்டனர்.

பரவல்

இந்தியக் குழந்தைகளின் குருதி மாதிரிகளைக் கொண்டு உயிர்ச்சத்து அளவுகளை நாடு தழுவிய முறையில் அளந்த முதல் பெரிய ஆய்வு 2016-18 காலப்பகுதியில் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஆகும். ஒன்று முதல் நான்கு அகவை வரையுள்ள குழந்தைகளில் உயிர்ச்சத்து ஏ குறைபாடு 18 விழுக்காட்டினரிடமும், உயிர்ச்சத்து டி குறைபாடு 14 விழுக்காட்டினரிடமும், பி12 குறைபாடு 14 விழுக்காட்டினரிடமும், ஃபோலிக் அமிலக் குறைபாடு 23 விழுக்காட்டினரிடமும் இருப்பதாக அது கண்டறிந்தது. உயிர்ச்சத்து டி குறைபாடும் இரும்புச்சத்துக் குறைபாடும் ஊரகத்தைவிட நகர்ப்புறத்தில் மிகுதியாக இருந்தன. நகரத்துக் குழந்தைக்கு எல்லாம் கிடைக்கும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது மாறானது.

தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் குருதிச்சோகை உடையோர் நான்காவது குடும்பநலக் கணக்கெடுப்பில் (2015-16) 50.7 விழுக்காடாக இருந்து, ஐந்தாவதில் 57.4 விழுக்காடாக உயர்ந்தனர். குருதிச்சோகைக்கு இரும்புச்சத்துக் குறைவே முதன்மைக் காரணம் என்றாலும், ஃபோலிக் அமிலம், பி12, உயிர்ச்சத்து ஏ ஆகியவற்றின் குறைவும் அதில் பங்கு வகிக்கின்றன.

காரணங்கள்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது. அதன் பின்னர் தொடங்க வேண்டிய துணையுணவு காலந்தாழ்ந்து தொடங்குவதும், தொடங்கியபின் சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட் போன்ற மாவுப்பொருள்களோடு நின்றுவிடுவதும் குறைபாட்டின் தொடக்கமாகின்றன. பல வீடுகளில் கீரையும் முட்டையும் குழந்தைக்குச் "செரிக்காது" என்று கருதப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. நன்கு மசித்த கீரையையும் வேகவைத்த முட்டையையும் ஆறு மாதத்துக்குப் பின் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம் என்பதே மருத்துவர்களின் கருத்தாகும்.

நகர்ப்புறத்துக்கே உரிய காரணங்கள் சில உள்ளன. வீட்டைச் சுற்றி முருங்கையோ அகத்தியோ பப்பாளியோ வளர்க்க இடமில்லாததால் ஒவ்வொரு கீரைக் கட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியதாகிறது. கையில் இருக்கும் காசுக்கு ஒரு கட்டுக் கீரையைவிடச் சிறிய பிஸ்கட் பொட்டலம் குழந்தையை விரைவில் அமைதிப்படுத்துகிறது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் தாய்மார், காலையில் ஊட்டியபின் மாலையில்தான் மீண்டும் குழந்தைக்கு ஊட்ட முடிகிறது. இடைப்பட்ட நேரத்தில் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அதன் அக்காளோ பாட்டியோ ஆவர். பாலுக்கு மாற்றாகத் தேநீர் கொடுக்கும் வழக்கமும் உண்டு. தேநீரில் உள்ள டானின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது.

உணவு மட்டுமே காரணம் அன்று. நெரிசலான குடியிருப்புகளில் மாசடைந்த நீரால் அடிக்கடி ஏற்படும் வயிற்றுப்போக்கு, குடல் உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. தட்டம்மை வந்தால் உடலில் சேமிப்பாக உள்ள உயிர்ச்சத்து ஏ விரைவாகச் செலவழிகிறது. குறைபாடு நோயை வரவழைப்பதும், நோய் குறைபாட்டை மிகுவிப்பதுமான இச்சுழற்சியில் சிக்கும் குழந்தைகளே பார்வையையோ உயிரையோ இழக்கின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அந்நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, குடல் தொற்றுக்கும் ஊட்டக்குறைவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துள்ளது. எட்டு நாடுகளில் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் இந்தியாவின் களமாக வேலூர் இருந்தது.

உயிர்ச்சத்து ஏ குறைபாடு

உயிர்ச்சத்து ஏ கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. விழித்திரையில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி மங்கிய ஒளியில் பார்க்க உதவுவது. அது உருவாக இவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. எனவே குறைபாட்டின் முதல் அறிகுறி மாலைக்கண் ஆகும். பேசத் தெரியாத குழந்தை தனக்குக் கண் தெரியவில்லை என்று கூறாது. பொழுது சாய்ந்தபின் ஓடியாடாமல் ஓரிடத்திலேயே அமர்ந்திருத்தல், கீழே கிடக்கும் பொருளைத் தடவித் தேடுதல், எதிரில் உள்ளவற்றில் இடித்துக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கொண்டு பெற்றோரே அறிய வேண்டும்.

அடுத்த நிலையில் விழிவெண்படலம் பளபளப்பை இழந்து உலர்கிறது. அதன்மேல் சோப்பு நுரை போன்ற வெண்ணிறத் திட்டுகள் தோன்றும். இவை பிரான்சு நாட்டு மருத்துவர் பிட்டோவின் பெயரால் பிட்டோ புள்ளிகள் எனப்படுகின்றன. இந்நிலைவரை சிகிச்சையால் முழுமையாக மீள இயலும். கருவிழி உலரத் தொடங்கிவிட்டால் அது மருத்துவ அவசர நிலை. கெரட்டோமலேசியா எனப்படும் இறுதி நிலையில் கருவிழி சில நாள்களிலேயே, சில வேளைகளில் சில மணி நேரங்களிலேயே, குழைந்து உருகிவிடுகிறது. அதன்பின் பார்வை திரும்புவதில்லை.

குருதிநீரில் ரெட்டினால் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருப்பின் குறைபாடு எனக் கொள்ளப்படுகிறது. ஒரு பகுதியில் 20 விழுக்காட்டுக் குழந்தைகளோ அதற்கு மேலோ இந்நிலையில் இருந்தால், அதனைக் கடுமையான பொதுநலச் சிக்கல் என உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்துகிறது.

மதுரையும் திருச்சிராப்பள்ளி ஆய்வும்

மதுரை அரசு எர்சுகின் மருத்துவமனையில் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை) கண் மருத்துவராகப் பணியாற்றிய கோ. வெங்கடசாமி, கருவிழி குழைந்த நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்கு மருந்து மட்டும் கொடுத்து அனுப்புவதால் பயனில்லை என்பதை உணர்ந்தார். வீடு திரும்பிய குழந்தைகள் அதே உணவை உண்டு மீண்டும் நோயுற்றனர். 1970களில் மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கு தாயும் குழந்தையும் சேர்ந்து தங்கினர். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் கீரை, பருப்பு, தானியங்களைக் கொண்டு குழந்தைக்குச் சமைப்பதைத் தாய் கற்றுக்கொண்டார். வெங்கடசாமி பின்னர் 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார்.

இதற்கிடையில் இந்தோனேசியாவில் ஆல்பிரட் சாமர் தலைமையில் நடந்த ஆய்வுகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. மாலைக்கண், பிட்டோ புள்ளி போன்ற இலேசான அறிகுறிகள் மட்டுமே உள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைவிட மிகுதியாக இறந்தனர். 1986இல் வெளியான அச்சே ஆய்வு, உயிர்ச்சத்து ஏ கொடுப்பதால் இறப்பு 34 விழுக்காடு குறைவதாக அறிவித்தது. கண் நோயாக மட்டும் எண்ணப்பட்ட ஒன்று உயிர்க்கொல்லி எனப் பலரால் உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த ஐயத்தைத் தீர்த்த ஆய்வுகளுள் ஒன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடைபெற்றது. அரவிந்த் நிறுவனத்தைச் சேர்ந்த இலைலா இரகமத்துல்லாவும் குழுவினரும் 15,419 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 அனைத்துலக அலகு உயிர்ச்சத்து ஏ கொடுத்தனர். ஓராண்டின் இறுதியில் அப்பிரிவில் இறப்பு மற்றப் பிரிவின் பாதிக்கும் குறைவாக இருந்தது. 1990இல் வெளியான இம்முடிவில் கவனிக்கத்தக்கது மருந்தின் அளவு: அது குழந்தை அன்றாட உணவிலிருந்தே பெறக்கூடிய சிறிய அளவாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெருமளவு மருந்து கொடுக்காமல், உணவைச் சீர்செய்தாலே உயிர்களைக் காக்கலாம் என்று வாதிடுவோர் இன்றும் இந்த ஆய்வைச் சுட்டுகின்றனர்.

இதே குழுவினர் தமிழ்நாட்டில் பிறந்த 11,619 குழந்தைகளிடம் நடத்திய மற்றோர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. பிறந்தவுடன் உயிர்ச்சத்து ஏ பெற்ற குழந்தைகளிடம் முதல் ஆறு மாத இறப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும் அரியானாவில் 44,984 குழந்தைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் அவ்வாறு உறுதியான பயன் தென்படவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு இதனைக் கொடுக்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை.

பெருமளவு மருந்துத் திட்டமும் சர்ச்சையும்

இந்திய அரசு 1970இல் ஊட்டக்குறைவால் ஏற்படும் பார்வையின்மைக்கு எதிரான தேசியத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தற்போதைய அட்டவணைப்படி ஒன்பதாம் மாதத்தில் ஓர் இலட்சம் அனைத்துலக அலகும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இலட்சம் அலகும் ஐந்து அகவை வரை வாய்வழியே அளிக்கப்படுகின்றன. மொத்தம் ஒன்பது தவணைகள், 17 இலட்சம் அலகுகள்.

கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து என்பதால் அளவு மிகுந்தால் வாந்தி, தலைவலி, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவை ஏற்படலாம். 2001 நவம்பரில் அசாம் மாநிலத்தில் நடந்த முகாமுக்குப் பின் பல குழந்தைகள் நோயுற்றதும் சிலர் இறந்ததும் நாடெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பின. வழக்கமான 2 மில்லிலிட்டர் கரண்டிக்கு மாற்றாக 5 மில்லிலிட்டர் கிண்ணம் அங்கு பயன்படுத்தப்பட்டிருந்தது. இறப்புகளுக்கு மருந்துதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது.

உத்தரப் பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, இறப்பில் 4 விழுக்காட்டு அளவே குறைவைக் கண்டது. அதுவும் புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. தட்டம்மைத் தடுப்பூசி பரவலாகி, கடுமையான குறைபாடு குறைந்துவிட்ட சூழலில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மருந்து தேவையா என்று ஒரு சாரார் வினவுகின்றனர். திட்டத்தை நிறுத்தினால் முதலில் பாதிக்கப்படுவது கணக்கெடுப்பின் சராசரிக்குள் மறைந்திருக்கும் ஏழைக் குழந்தைகளே என்பது மறுசாரார் கூற்று. தட்டம்மை கண்ட குழந்தைக்கு உயிர்ச்சத்து ஏ கொடுப்பதில் மட்டும் இரு சாராரிடமும் கருத்து வேறுபாடு இல்லை.

உயிர்ச்சத்து டி: வெயில் நாட்டில் குறைபாடு

உயிர்ச்சத்து டி உணவிலிருந்து சிறிதளவே கிடைக்கிறது. பெரும்பகுதி சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது உருவாகிறது. இதன் கடுமையான குறைவு குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் நோயை உண்டாக்கும். கால் எலும்புகள் வளைதல், மணிக்கட்டு பருத்தல், நடை தாமதமாதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இது தொடக்கத்திலிருந்தே நகரத்தின் நோயாக அறியப்பட்டது. போலந்து நாட்டு மருத்துவர் சினியாடெக்கி, வார்சா நகரக் குழந்தைகளிடம் காணப்படும் ரிக்கெட்ஸ் சிற்றூர்க் குழந்தைகளிடம் இல்லை என்று 1822இலேயே எழுதினார். 1919இல் பெர்லினில் ஊல்ட்சின்ஸ்கி புற ஊதா விளக்கொளியால் இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார். புகையும் குறுகிய தெருக்களும் ஐரோப்பியக் குழந்தைகளுக்குச் செய்ததை இப்போது இந்திய நகரங்களில் காண்கிறோம். 2002இல் வெளியான தில்லி ஆய்வொன்று 9 முதல் 24 மாதக் குழந்தைகளை ஒப்பிட்டது. காற்று மாசு மிகுந்த மோரி கேட் பகுதியில் சராசரி அளவு மில்லிலிட்டருக்கு 12.4 நானோகிராமாகவும், மாசு குறைந்திருந்த குர்கானில் 27.1 நானோகிராமாகவும் இருந்தன. ஏழைக் குழந்தைகள் வெளியில்தான் விளையாடினர். ஆனால் கதிர்கள் தரைக்கு வந்து சேரவில்லை. திருப்பதியில் நடந்த ஆய்வுகளும் ஊரக மக்களைவிட நகர மக்களிடம் இவ்வுயிர்ச்சத்து குறைந்திருப்பதைக் காட்டின.

தாய்ப்பாலில் உயிர்ச்சத்து டி மிகக் குறைவு. ஆகவே பிறந்தது முதல் ஓராண்டு வரை நாளொன்றுக்கு 400 அனைத்துலக அலகு சொட்டு மருந்தாகக் கொடுக்குமாறு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் கொடுத்தால் குருதியில் சுண்ணாம்புச்சத்து மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

பி12, ஃபோலிக் அமிலம், தயமின்

பி12 விலங்குவழி உணவுகளில் மட்டுமே இயற்கையாக உள்ளது. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றைப் போதிய அளவு உண்ணாத தாயின் பாலிலும் இது குறைவாகவே இருக்கும். வேலூரில் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் இத்தகைய தாய்மாரின் பாலை மட்டுமே உண்டு வளர்ந்த குழந்தைகளிடம் ஒரு நோய்த்தொகுதியை 1962இல் விவரித்தனர். சிரித்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மெல்லச் சோர்ந்து, கற்ற செயல்களை இழந்து, கைகால்கள் தன்னியல்பாக அசைய, தோல் கருத்துப்போயிற்று. பி12 கொடுத்தபின் குழந்தைகள் தேறின. தாய்க்குக் குறைபாடு இருப்பின் குழந்தையை மட்டும் கவனிப்பது போதாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஃபோலிக் அமிலம் கீரைகளிலும் பருப்பு வகைகளிலும் உண்டு. நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை வடிப்பதால் பெரும்பகுதி வீணாகிறது.

தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் ஒருகாலத்தில் சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், பரவலாக இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசி அங்கு உண்ணப்பட்டது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் இந்நோய் அரிது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் ஊடுருவிவிடுவதே காரணம். இதனை ஆராய்ந்தவற்றுள் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம் முதன்மையானது. இராபர்ட் மெக்காரிசன் 1918இல் பெரிபெரி ஆய்வுக்காகத் தொடங்கிய அந்நிறுவனமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என அழைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் உணவுத் திட்டங்கள்

சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சியின் தலைவராக இருந்தார். ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் 1982 சூலை 1 அன்று ஊரகப் பகுதிகளில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் நகர்ப்புறங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பள்ளி செல்லாத இரண்டு அகவைக் குழந்தைகளும் இதில் சேர்க்கப்பட்டிருந்தனர். 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்க்கப்பட்டது. சோற்றையும் சாம்பாரையும் பல மடங்கு கூட்டினாலும் கிடைக்காத பி12, ரெட்டினால் ஆகியவை ஒரு முட்டையில் கிடைப்பதால், உயிர்ச்சத்து நோக்கில் இதுவே திட்டத்தின் மிகச் சிறந்த மாற்றம் எனலாம்.

மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் (அங்கன்வாடிகள்) உள்ளன. ஆறு மாதம் முதல் மூன்று அகவை வரையுள்ள குழந்தைகளுக்கு இவற்றின் வழியே சத்துமாவு வழங்கப்படுகிறது. நகரங்களில் வாடகை மிகுதியாலும் இட நெருக்கடியாலும் மையங்களுக்குக் கட்டடம் கிடைப்பது அரிதாக உள்ளது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களும், வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் எந்த மையத்தின் பதிவேட்டிலும் இடம்பெறாமல் போகின்றனர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கானது. குறைபாடு மிக விரைவாக ஆழமாகும் ஆறு மாதம் முதல் மூன்று அகவை வரையுள்ள பருவம் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

வீட்டு உணவில் செய்யத்தக்கவை

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பரங்கிக்காய், கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் உள்ள கரோட்டீன் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுகிறது. இவற்றுடன் சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்த்தால்தான் அது நன்கு உறிஞ்சப்படும். எண்ணெய் இல்லாமல் வெந்நீரில் வேகவைத்த கீரையைக் "குழந்தைக்கு இலேசான உணவு" எனக் கொடுப்பதால் பயன் குறைகிறது. முட்டை மஞ்சள்கரு, பால், ஈரல், சிறு மீன்கள் ஆகியவற்றில் உயிர்ச்சத்து ஏ நேரடியாகவே உள்ளது. கொழுப்பு நீக்கிய பாலில் அது கொழுப்புடன் நீங்கிவிடும். இந்தியாவில் உயிர்ச்சத்து ஏ, டி ஆகியவை செறிவூட்டப்பட்ட பாலும் சமையல் எண்ணெயும் விற்பனையில் உள்ளன. அவற்றின் உறையில் நீல நிறத்தில் "+எஃப்" என்னும் குறி அச்சிடப்பட்டிருக்கும்.